ஏப்ரலுக்குப் பிறகு யார் படிப்பார்கள்?

கேள்வி: முக்கூடல் பக்கத்துக் கிராமம் எங்களுக்கு. பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் படிக்கிறேன். ஆறாவது செமஸ்டர் தொடங்கிவிட்டது. புராஜெக்ட்டுக்கு ஆய்வுக்குப் பதிலாகப் படைப்பிலக்கியம் எடுத்திருக்கிறேன். மார்ச் கடைசிக்குள் ஐந்து சிறுகதைகள் தரவேண்டும். ஒன்று முடிந்திருக்கிறது, மூன்று பாதியில் நிற்கின்றன. இதற்கு நடுவில் ஒரு நாவல் வேறு மனதில் ஓடுகிறது. அம்மா பீடி சுற்றுகிறார். அதைப் பற்றி எழுது, அதுதான் பேசப்படும் என்கிறார் கைடு. எனக்கோ, பஸ் ஓட்ட ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதைதான் வருகிறது. வீட்டில் பி.எட். சேரு, இல்லையென்றால் குரூப் 4 எழுது என்கிறார்கள். படிப்போடு எழுத்தும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ச., திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உன் பயம் நியாயமானது. கல்லூரி மலரில் அருமையாக எழுதிவிட்டு, அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதாமல் போன பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை வற்றிவிடவில்லை. "அடுத்த கதை எங்கே?" என்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. இப்போது உனக்குக் கேட்பதற்கு ஒரு கைடு இருக்கிறார், படிக்க வகுப்புத் தோழிகள் இருக்கிறார்கள், கொடுத்தே ஆகவேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் இந்த மூன்றுமே இருக்காது. அதனால் இந்தச் செமஸ்டரில் நீ தேடிக்கொள்ள வேண்டியது, ஏப்ரலுக்குப் பிறகும் உன்னைப் படிக்கிற இரண்டு மூன்று பேரை.

வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. கதை கேட்கப் பிடித்தவர்களாக, பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்கிறவர்களாக இருந்தால் போதும். அவர்களில் ஒருத்தியாவது எழுதுகிறவளாக இருந்தால் இன்னும் நல்லது, நீ அவளுடையதைப் படிக்கலாம். கதையைக் கொடுத்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்காதே. "நல்லாருக்கு" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் வராது. எந்த இடத்தில் போனைப் பார்க்கத் தோன்றியது, யார் பேசுகிறார்கள் என்று எங்கே குழம்பியது, முடிவை எப்போதே ஊகித்துவிட்டாயா என்று கேள். அவர்கள் சொல்கிற காரணம் தப்பாக இருக்கலாம், ஆனால் சலித்தது என்று சொன்ன இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அங்கே போய்த் திருத்து. மாதம் ஒரு சனிக்கிழமை என்று இப்போதே வைத்துக்கொண்டால், பிறகு ஆளுக்கொரு ஊருக்குப் போனாலும் போனிலாவது அது தொடரும்.

நாவலை இப்போது தொடாதே. மறக்காமலிருக்க நோட்டில் நாலு வரி குறித்து வைத்துவிட்டு மூடிவிடு. பாதியில் நிற்கும் மூன்று கதைகளை முடிப்பதுதான் வேலை. தொடங்குவது எல்லோருக்கும் வரும். முடிக்கப் பழகாமல் கல்லூரியை விட்டுப் போனால், வெளியே கற்றுத்தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

பஸ் கதை ஏன் நடுவில் நிற்கிறது? அந்தப் பெண்ணின் ஆசை உனக்குத் தெரிகிறது, அவளுடைய நாள் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பஸ் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமானால் 20 வயது ஆகியிருக்கவேண்டும், அதற்கு முன்பே கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்கவேண்டும். இந்தச் சட்டத்துக்குள்ளேயே உன் கதை இருக்கிறது. அந்த ஒரு வருஷம் அவள் என்ன செய்கிறாள்? டிரைவிங் ஸ்கூலுக்கு யார் பணம் கட்டுகிறார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போகிறாள்? மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டால் அந்தக் கார் லைசென்ஸை எங்கே ஒளித்து வைப்பாள்? நெல்லைக்கு வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றுவதையும், ஸ்டாப்பில் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறுவதையும் கவனி. வண்டி நிற்கும்போது இரண்டு வார்த்தை பேசியும் பார்.

பீடி விஷயத்தில் உன் கைடு நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். இருந்தாலும் நான் உன் பக்கம். இலையை நனைத்து, தகரத்தை வைத்து வெட்டி, மடியில் சொளவோடு (முறத்தோடு) குனிந்த தலை நிமிராமல் சுற்றுகிற அம்மாவின் வாழ்க்கை, பேசப்படும் என்பதற்காக மார்ச்சுக்குள் எழுதிக் கொடுக்கிற சரக்கு அல்ல. அவசரத்தில் எழுதினால், கடையில் கழித்துப் போட்ட பீடிக்காக அம்மா போட்ட சண்டையும், கூட இருந்து சுற்றும் பெண்களோடு சிரித்த சிரிப்பும் விட்டுப்போய், இருமலும் இரக்கமும் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட கதைகள் ஏற்கனவே போதுமான அளவுக்கு இருக்கின்றன. "சார், அதை எழுத எனக்கு இன்னும் காலம் வேணும்" என்று மரியாதையாகச் சொல். முடித்த பஸ் கதையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அவரும் கேட்பார்.

ஆனால் அம்மாவும் மற்றவர்களும் பீடி சுற்றும் அந்தத் திண்ணையின் பேச்சை மட்டும் எந்தக் கதைக்கும் எடுத்துக்கொள். தமிழ் படிக்கிற பிள்ளைகள் கதை எழுதும்போது, கதையில் வருகிற அத்தையும் ஆச்சியும் செய்தி வாசிக்கிறவர்களைப் போலப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். "எங்கே செல்கிறாய்?" என்று முக்கூடலில் எந்த அத்தை கேட்கிறாள்? "எங்கட்டி போற?" என்று கேட்கட்டும். சொல்கிற நடை எழுத்துத் தமிழாகவே இருக்கலாம். வாய் திறந்தால் நம் ஊராக இருக்கவேண்டும்.

வீட்டோடு சண்டை வேண்டாம். சம்பளம் உனக்கு அவசியம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன. மூன்று வருஷம் நீ படித்த இலக்கணமும் இலக்கியமும் அங்கே கைகொடுக்கும். பி.எட். என்றால் இரண்டு வருஷம். ஆசிரியர் வேலையில் உனக்கு மனம் இருந்தால் மட்டும் போ. நம் நெல்லையின் வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். சாகித்திய அகாதெமி விருது அவருக்கு 2016இல் வந்தது. இடைசெவல் கி.ராஜநாராயணன் விவசாயி. கதை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. உனக்கு இருபதுதான் ஆகியிருக்கும். வேலைக்குப் போனாலும் விடியலில் அரை மணி நேரம் உன்னுடையதாக இருக்கட்டும். அதற்கான பழக்கத்தை இப்போதே தொடங்கு. செமஸ்டர் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடாதே.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். டைப்பிங் சென்டரில் கொடுத்தால் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்துவிடுவார்கள். அதை அப்படியே இதழ்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் திறக்கிறவருக்குப் பூச்சி பூச்சியாகத் தெரியலாம். யூனிகோடில் அடித்துத் தரச் சொல், அல்லது போனில் நீயே அடி. ஸ்பைரல் போட்ட பிரதியோடு நிறுத்தாமல் ஃபைலையும் மறக்காமல் வாங்கி, உனக்கே ஒரு மெயில் அனுப்பி வைத்துக்கொள். ஐந்தில் எது சிறந்தது என்று தோழிகள் சொல்கிறார்களோ, அதைப் புராஜெக்ட் முடிந்ததும் ஓர் இதழுக்கு அனுப்பு. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக்கூடாது. பதில் வர மாதக்கணக்காகலாம், வராமலே போகலாம். அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடு.

ஐந்து கதை சேர்ந்துவிட்டது, பணம் கட்டினால் புத்தகமாகப் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். இப்போதைக்கு வேண்டாம். கட்டுகட்டாகப் பிரதிகள் வீட்டுப் பரணில் கிடக்கும், அம்மா சுற்றிச் சேர்த்த காசு போனதுதான் மிச்சம். அந்தப் பணத்தில் தேர்வுக்கு விண்ணப்பம் போடு. மீதியிருந்தால், பாளையில் புத்தகத் திருவிழா நடக்கும்போது நல்ல சிறுகதைத் தொகுப்பு நாலு வாங்கிக்கொள்.