எலி வேட்டைக்கு ஆந்தை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எலித் தொல்லைக்காக நெல் வயலில் பறவை தாங்கிகள் (பறவைகள் உட்காரக் குறுக்குக் கட்டை வைத்த கழிகள்) நட்டேன். பகலில் கரிச்சான்கள் உட்காருகின்றன. இரவில் ஆந்தை வருகிறதா என்றே தெரியவில்லையே?

பதில்: தாங்கியின் அடியிலும் பக்கத்து மரத்தடியிலும் தேடிப் பாருங்கள். வெள்ளை எச்சம் மட்டும் இருந்தால் அது கரிச்சானுடையதாகவும் இருக்கலாம். கட்டைவிரல் பருமனில் கருஞ்சாம்பல் உருண்டை கிடந்தால் ஆந்தைதான். எலியைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். அந்த உருண்டையை வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால் மண்டையோடுகள் கிடைக்கும். முன்பல் ஆரஞ்சு படிந்து உளிபோல் வளைந்திருந்தால் எலி. கூரிய பற்கள் இடைவெளியின்றி வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. அது பூச்சி தின்னும் பிராணி, கணக்கில் சேர்க்காதீர்கள்.

உருண்டையே இல்லையென்றால் தாங்கியைச் சோதியுங்கள். குறுக்குக் கட்டை ஒன்றரை அடி நீளமும் ஒன்றரை அங்குலப் பருமனும் இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். சொரசொரப்பான கழிதான் நல்லது. ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றாவிட்டால் ஆடும். ஆடும் கட்டையில் ஆந்தை தங்காது. பயிருக்கு மேல் ஓர் அடியாவது நிற்க வேண்டும் என்பதால், பயிர் வளர வளரக் கழியையும் உயர்த்துங்கள். ஏக்கருக்கு 15 முதல் 20 போதும், அதிலும் வரப்போரம் கூடுதலாக. அடர்ந்த பயிருக்குள் ஓடும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்கும் கஷ்டம். வரப்பைச் செதுக்கி வைத்தால்தான் வேட்டை நடக்கும். கதிர் பால் பிடிக்கும்போது தாங்கிகளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் கொத்தும் குருவிகளுக்கு நீங்களே நாற்காலி போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: கூகைக்கு (வெள்ளை முக ஆந்தை) கூட்டுப் பெட்டி வைக்கலாமா? என்ன அளவு?

பதில்: வைக்கலாம். தரை 2 அடிக்கு ஒன்றரை அடி, உயரம் இரண்டேகால் அடி. நுழைவாயில் 5 அங்குலச் சதுரம். பலரும் கோட்டைவிடுவது வாயிலின் உயரத்தில்தான். அதன் கீழ்விளிம்பு பெட்டியின் அடிப்பலகையிலிருந்து 18 அங்குலம் மேலே இருக்க வேண்டும். தாழ்வாக வைத்தால், பறக்கத் தெரியாத குஞ்சுகள் இரைக்கு முண்டியடித்து வெளியே விழும். முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிவதால் குஞ்சுகள் அண்ணன் தம்பி அளவில் இருக்கும், தள்ளுமுள்ளு சகஜம். அடிப்பலகையில் அரை அங்குலத் துளைகள் ஐந்தாறு போட்டு, இரண்டு அங்குலத்துக்கு மரச்சீவல் பரப்புங்கள். 10 முதல் 15 அடி உயரத்தில், பிற்பகல் வெயிலும் சாரலும் படாத பக்கம் பார்த்து மாட்டுங்கள். கம்பத்தில் மாட்டினால் நடுவில் தகரம் சுற்றுங்கள், பூனை ஏறாது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு ஆண்டுக்கொருமுறை சுத்தம் செய்தால் போதும். தேனீயோ மைனாவோ முந்திக்கொள்வதுண்டு. முதல் பருவத்திலேயே கூகை வராவிட்டால் பெட்டியைக் கழற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஆந்தையும் இருக்கட்டும், விஷமும் வைக்கலாமா?

பதில்: இரண்டில் ஒன்றுதான். புரோமடியலோன், புரோடிஃபாகூம் போன்ற ரத்தம் உறையவிடாத மருந்துகளைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் ஆந்தைக்கு முதலில் அகப்படும், விஷமும் அதோடு உள்ளே போகும். வளர்ந்த கூகை ஓரிரவில் இரண்டு மூன்று சிறு எலிகளைத் தின்னும். குஞ்சு இருந்தால் தேவை பல மடங்கு. ஆகவே ஒரு பெட்டிக்குள் ஒரு குடும்பமே அழியலாம். எலி ஏற்கெனவே பெருகிவிட்ட வயலை ஆந்தை மட்டும் காப்பாற்றாது என்பதும் உண்மைதான். முதலில் கிட்டி (எலிப்பொறி) வைத்தும் வளை வெட்டியும் குறையுங்கள். குறைந்ததை ஏறவிடாமல் வைத்திருப்பதுதான் ஆந்தையின் வேலை. வளர்ந்த பெருச்சாளி அதன் கைக்கு மிஞ்சியது, அதற்குக் கிட்டிதான்.

கேள்வி: கோழிக்குஞ்சுகளைத் தூக்குமா?

பதில்: இரவில் கூண்டில் அடைத்தால் அந்தப் பேச்சே இல்லை.