தாலமி என்றால் எந்தத் தாலமி?

பண்டைய உலகில் ஒரே பெயரில் இருந்த பிரபலங்களைக் குழப்பிக்கொள்ளாமல் படிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாப் பெயரையும் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, தாலமியை மட்டும் சொல்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு வினாடி வினாவில், "மதுரையைக் குறிப்பிட்ட தாலமி யார்?" என்று கேட்டார்கள். "அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த வானியல் அறிஞர்" என்றாள். நடுவர் கையில் இருந்த தாளிலோ "எகிப்து மன்னர்" என்று இருந்தது. தவறு என்று மணி அடித்துவிட்டார்கள். நான் எழுந்து போய் விளக்கினேன். பெற்றோர் தலையிடக் கூடாதாம். முதல் பரிசு கைநழுவியது அந்த ஒரு கேள்வியில்தான். பரிசுக்காகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், சரியான பதிலைச் சொன்ன பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சரி, விஷயம் இதுதான். அலெக்சாண்டரின் தளபதி தாலமி கி.மு. 305இல் எகிப்தின் மன்னரானார். அவர் வம்சத்தில் ஆண்ட ஆண்கள் எல்லோருக்கும் அதே பெயர். பட்டப்பெயரை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்: முதலாமவர் 'காப்பவர்', எட்டாமவர் 'தொப்பையர்', கிளியோபாட்ராவின் அப்பாவான பன்னிரண்டாமவர் 'குழலூதி'. கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்குப் போனதும் வம்சம் முடிந்தது.

கிளாடியஸ் தாலமி அதற்கு நூறு வருடங்களுக்கும் மேல் பிந்தியவர். கி.பி. 127 முதல் 141 வரை தான் வானத்தைப் பார்த்துக் குறித்தவற்றைத் தன் வானியல் நூலிலேயே தந்திருக்கிறார். பாண்டியரின் மதுரையும் கொற்கையும் வருவது இவருடைய புவியியல் நூலில்தான். இவர் எந்த நாட்டையும் ஆளவில்லை.

"ரஃபேலே தன் 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்தில் இவருக்குக் கிரீடம் வைத்தாரே" என்று யாராவது வருவார்கள். வைத்தார்தான், ஆனால் அது 16ஆம் நூற்றாண்டு. இன்று கேள்வித்தாள் தயாரிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நீங்கள் பெயரோடு நூற்றாண்டையும் சேர்த்தே மனதில் ஏற்றுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அதே மகள் பதினொன்றாவதில் வரலாறு எடுக்கிறேன் என்றபோது, "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஹிஸ்டரி குரூப்பா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆள் சேரவில்லை என்று அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய்த்தான் படித்தாள்.