பழங்களின் ஊதா நிறமி மூட்டு அழற்சியைத் தணிக்குமா?

செர்ரி, நாவல் போன்ற அடர்நிறப் பழங்களை உண்டால், யூரிக் அமிலத்தால் வரும் கவுட் மூட்டுவலி குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உதவக்கூடும், மருந்துக்கு மாற்றாகாது.

இப்பழங்களின் சிவப்புக்கும் ஊதாவுக்கும் காரணம் அந்தோசயனின் என்னும் நிறமி; நாவல் பழம் தின்றதும் நாக்கில் படிகிற கருநீலக் கறை அதுதான். கவுட்டில், மூட்டுக்குள் படிந்த யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்களை வெள்ளணுக்கள் விழுங்கும்போது இன்டர்லியூகின்-1 பீட்டா என்னும் புரதம் வெளியாகி, கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே தாங்க முடியாத வலியைத் தருகிறது. ஆய்வகச் செல்களில் அந்தோசயனின், அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2 நொதியைக் கட்டுப்படுத்துவது உண்மை. ஆயினும் உண்ட நிறமியில் மிகச் சிறு பகுதியே மாறாமல் இரத்தத்தை அடைகிறது; பெரும்பகுதியைக் குடல் நுண்ணுயிரிகள் சிறு பீனாலிக் அமிலங்களாகச் சிதைத்துவிடுவதால், சோதனைக் குழாயின் முடிவை அப்படியே உடலுக்குப் பொருத்துவது தவறு என்றே கருதுகிறேன்.

மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளில் குறிப்பிடத்தக்கது, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 633 கவுட் நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு நாள் செர்ரி உண்டவர்களுக்கு வலித் தாக்குதலின் அபாயம் 35 சதவீதம் குறைவாக இருந்தது. செர்ரியோடு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையும் எடுத்தவர்களுக்கு 75 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வே தவிர, காரணத்தை நிறுவுவது அன்று. அதே நிறமிக் குடும்பம் இருக்கிறது என்பதற்காக இந்த எண்களை நாவலுக்கும் ஏற்றிச் சொல்லக் கூடாது.

பழத்தை முழுதாக உண்ணுங்கள். சர்க்கரை சேர்த்த பழச்சாற்றில் மிகுந்திருக்கும் ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தையே கூட்டிவிடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.