லண்டன் மன்னர் ஆஸ்திரேலியாவுக்கு எதற்கு?

கேள்வி: ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது. இங்கே மன்னர் எதிலும் தலையிடுவதில்லை, அவருடைய பிரதிநிதியான கவர்னர் ஜெனரலும் ஆஸ்திரேலியர்தான். எல்லாம் நன்றாகப் போகும்போது குடியரசு எதற்கு? (வாசகி, சிட்னி)

பதில்: தலையீடே இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாதம்மா. 1975 நவம்பர் 11 அன்று, தேர்தலில் ஜெயித்து வந்த பிரதமர் காஃப் விட்லமைப் பதவியிலிருந்து இறக்கியவர் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத கவர்னர் ஜெனரல் ஜான் கெர். அவருக்கும் அரண்மனைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை, ஜென்னி ஹாக்கிங் என்ற வரலாற்றாசிரியர் நாட்டின் உச்ச கோர்ட் வரை போய் வழக்காடி ஜெயித்த பிறகுதான், 2020-ல் வெளியிட்டார்கள்.

அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறு. அரசியல் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் எம்.பி.யாக முடியாது. லாரிசா வாட்டர்ஸ் என்ற செனட்டர் கனடாவில் பிறந்து கைக்குழந்தையாகவே ஆஸ்திரேலியா வந்தவர். அந்த நாட்டுக் குடியுரிமை தன் பேரில் இன்னும் இருப்பது 2017-ல் தெரியவந்ததும் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. எம்.பி. பதவிக்கே இவ்வளவு கறார். ஆனால் உச்சப் பதவி மட்டும் லண்டனில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பரம்பரைச் சொத்து, அதிலும் கத்தோலிக்கருக்குக் கிடையாது என்ற நிபந்தனையோடு! உங்கள் பிள்ளை அங்கே பிரதமராகலாம், தலைமை நீதிபதியாகலாம், கவர்னர் ஜெனரல்கூட ஆகலாம், நாட்டின் தலைவராக மட்டும் ஆகவே முடியாது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: 1999-ல் குடியரசு வேண்டாம் என்று மக்களே ஓட்டுப் போட்டுவிட்டார்களே? (வாசகர், மெல்போர்ன்)

பதில்: உண்மைதான், கிட்டத்தட்ட 55 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். ஆனால் அவர்கள் முன் வைத்தது, நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நியமிக்கும் ஒரு தலைவரை. தலைவரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்ட குடியரசு ஆதரவாளர்கள் பலரே அதை எதிர்த்தார்கள். இனிமேல் மன்னர் வேண்டுமா வேண்டாமா என்று முதலில் கேட்கட்டும், தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அப்புறம். பிரிட்டிஷ் அரசியைத் தலைவராக வைத்திருந்த கரீபியன் தீவு நாடான பார்படோஸில் 2021 நவம்பர் 30 அன்று கவர்னர் ஜெனரல் சாண்ட்ரா மேசனே குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார், காமன்வெல்த்திலும் அந்த நாடு நீடிக்கிறது. அவர்களுக்கு நாடாளுமன்ற ஓட்டே போதுமானதாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் அது நடக்காது. மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அதில் நாடு முழுக்கப் பெரும்பான்மையும் வேண்டும், ஆறு மாநிலங்களில் நான்கும் ஜெயிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இலங்கை 1972-ல் குடியரசானபோது, பழைய அரசியல் சட்டத்தில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29-ஆம் பிரிவையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அதனால் மசோதா வரும்போது தலைவர் பதவியைத் தவிர வேறு என்ன மாறுகிறது என்று வரிவரியாகப் படியுங்கள், அப்புறம் தாராளமாக ஆதரித்து ஓட்டுப் போடுங்கள்.