செராமிக் கிரிலுக்கு மர மேசை: ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன், முட்டை வடிவத்தில் கனமான செராமிக் கிரில் ஒன்றை ஊருக்கு அனுப்பியிருக்கிறான். எடை 73 கிலோ. செங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டின் பின்பக்கம் திறந்த இடத்தில், தேக்கு மேசை செய்து அதற்குள் அமர்த்த வேண்டும் என்பது அவன் ஆசை. 5 அடி நீளம், 2½ அடி அகலம், 33 அங்குல உயரம். "பத்து கன அடி மரம் பிடிக்கும்" என்கிறார் ஆசாரி. கணக்கு சரிதானா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? – செங்கோட்டை வாசகி

பதில்: மரக்கணக்குக்கு அப்புறம் வருகிறேன் அம்மா. முதலில் மேசையின் அடித்தட்டைப் பேசிவிடுவோம். பணம் கொடுப்பவரின் கண்ணும் செய்பவரின் கண்ணும் மேல்பலகையின் பாலிஷில்தான் நிற்கும். ஆபத்து இருப்பதோ கீழே.

இந்த வகை கிரிலுக்குக் கமாடோ என்று பெயர். ஜப்பானிய அடுப்பிலிருந்து வந்த வடிவம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் பழக்கினார்கள். தடித்த செராமிக் சுவர் சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதால், கீழ்க் கதவையும் மேல் மூடியின் காற்றுத்துளையையும் வைத்தே 110 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக இறைச்சியை வேகவைக்கலாம். அதே அடுப்பை 350 டிகிரிக்கு மேல் ஏற்றி ரொட்டியும் சுடலாம். அடிப்பாகம் மற்ற பாகங்களைப் போலச் சுடாது என்பது உண்மைதான். ஆனால் முன்பக்கக் கீழ்க் கதவு வழியாகச் சாம்பலும் கங்கும் வெளியே விழும். நம் பக்கத்துச் சிரட்டைக் கரி பற்றும்போது பொரிந்து தெறிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே கிரிலை நேராக மரத்தின் மேல் உட்கார வைக்கவே கூடாது. அடித்தட்டில் 2 அங்குல கனமுள்ள கருங்கல் ஒன்று, அதன் மேல் கால் வைத்த இரும்புத் தாங்கி, அதன் மேல் கிரில். தாங்கி இருந்தால்தான் அடியில் காற்று ஓடும். கல் கிரிலின் முன்பக்கமாகவும் நன்றாக நீண்டிருக்கட்டும், கங்கு விழுவது அங்கேதான். டைல்ஸ் ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மெல்லிய டைல்ஸ் சூட்டைக் கீழே மரத்துக்குக் கடத்திவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரம் ஒரே நாளில் பற்றித்தான் ஆபத்து வரும் என்றில்லை. வாரா வாரம் சுட்டுச் சுட்டு உள்ளே கருகிப்போன மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடியது. முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து மேசை பத்திரமானது என்று முடிவு கட்ட முடியாது.

மேல்பலகையில் வெட்டும் வட்டத்துக்கு அளவு கிரில் கம்பெனியின் கையேட்டில் இருக்கும். அதை ஆசாரியிடம் காட்டுங்கள். வாயால் சொல்லி வெட்டச் சொல்லாதீர்கள், ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். கையேடு தொலைந்திருந்தால் கிரிலின் மிகப் பருத்த இடத்தை அட்டையில் வரைந்து, மரம் எந்தப் பக்கமும் செராமிக்கைத் தொடாதபடி சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். மழைக்காலத்தில் பலகை ஊதும், அதற்கும் சேர்த்தே விடுங்கள். கீல் இருக்கும் இரும்புப் பட்டை மேசை மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். மூடி பின்பக்கமாகத் திறக்கும் என்பதால் பின்னால் சுவரோ தூணோ இடிக்கக் கூடாது. 33 அங்குலம் என்பது கல், தாங்கி, கிரில் மூன்றின் உயரத்தையும் அடுக்கிப் பார்த்துச் சொன்னதா, சமையல் மேடையைப் பார்த்துச் சொன்னதா என்று ஆசாரியிடமே கேளுங்கள்.

சரி, இப்போது மரக்கணக்கு. உங்கள் அளவுக்கு நானே போட்டுப் பார்த்தேன். மேல்பலகை 1½ அங்குல கனத்தில் ஏறக்குறைய 1.56 கன அடி. அடித்தட்டும் அதே கனம், அதே அளவு, இன்னொரு 1.56. மூன்றுக்கு மூன்று அங்குலத்தில் நாலு கால், 0.69. மேலும் கீழும் சுற்றி ஓடும் சட்டங்கள் மொத்தம் 30 அடி, 4 அங்குலத்துக்கு 1½ அங்குலம் என்று வைத்தால் 1.25. எல்லாம் சேர்ந்து 5 கன அடியை ஒட்டி வருகிறது. இழைப்பதிலும் வெட்டுவதிலும் போகும் கழிவுக்குக் கால்வாசி கூட்டினால் 6¼. பத்து எங்கிருந்து வந்தது?

ஆசாரி ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவர் உருட்டு மரத்தைச் சொல்லியிருக்கலாம். உருட்டை அறுத்தால் பாதியிலிருந்து பத்தில் ஆறு பங்கு வரைதான் பலகையாகக் கைக்கு வரும், மிச்சம் தூளும் புறணியும். அந்தக் கணக்கில் பத்து கன அடி உருட்டு என்பது நியாயமான அளவே. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பத்து என்ற அளவை உருட்டுக்குச் சொல்லிவிட்டு, விலையை அறுத்த மரத்தின் விலையாகப் போடும்போது. அறுத்த சைஸ் மரத்துக்கு விலை எப்போதுமே கூடுதல். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த அளவும் இந்த விலையும் உருட்டுக்கா, அறுத்ததுக்கா?" இரண்டும் ஒரே வகைக்கு என்று எழுதி வாங்குங்கள். உருட்டாகவே வாங்கினால் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். இந்த முறையில் வரும் அளவு, உருட்டின் உண்மையான கன அளவில் ஏறக்குறைய 78 சதவீதம். இது வாங்குபவருக்குச் சாதகமாகக் காலங்காலமாக இருந்து வரும் கணக்கு. உங்களுக்கு மட்டும் வேறு கணக்கு போட்டால் விடாதீர்கள்.

பலகை வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் ஓரத்தையும் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். வைரம், அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதி, பழுப்பாகத் தெரியும். வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய இளம் பகுதி, வெளிறித் தனியாகத் தெரியும். வெள்ளையைப் பூச்சி அரிக்கும், மழையில் சீக்கிரம் மக்கும். "தேக்கு" என்று பில் போட்டுப் பாதி வெள்ளையோடு தருவது அடிக்கடி நடப்பது. வைரம் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் விலை கூடும். ஆனாலும் வெளியில் நிற்கிற மேசைக்கு அந்தக் கூடுதல் பணம் வீணில்லை.

தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் அவசியமில்லை. ஆஞ்ஞிலி, நாம் அயினி என்போமே, அது மழை தாங்கும் மரம், படகே கட்டுகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பிரித்த வீட்டு மரம். மலைக்கு இரண்டு பக்கமும் பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது உத்திரமும் சட்டமும் விற்பனைக்கு வருகின்றன. பல வருஷம் காய்ந்த கட்டை இனி முறுக்காது. ஆணி மட்டும் புதைந்திருக்கும், அறுவை மில்லில் கொடுக்கும் முன் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

எடைக்கும் ஒரு வார்த்தை. தேக்கு கன அடிக்கு 18 கிலோ போல வரும், ஆக மேசை மட்டும் 90 கிலோ. ஒன்றரை அடிச் சதுரக் கல் 28 கிலோ. கிரில் 73. மொத்தம் 190 தாண்டிவிட்டது, இனி கரியும் பாத்திரமும். சக்கரம் போடுவதானால் மேடு பள்ளமான தரையில் மூன்று சக்கரம்தான் உண்மையில் பாரம் தாங்கும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்கும் 4 அங்குலச் சக்கரமாக, பூட்டோடு வாங்குங்கள். செராமிக் கீழே விழுந்து உடைந்தால் பொதுவாக எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தராது. கிரிலைத் தூக்கி உள்ளே இறக்கும்போது கீலையோ பக்கப் பலகையையோ பிடிக்காமல் அடியில் கை கொடுத்து இரண்டு மூன்று பேர் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் செராமிக் பாகங்களை முதலில் எடுத்துவிட்டால் பாரம் குறையும்.

செங்கோட்டைக்கே உரிய விஷயம் காற்று. ஆடிச் சாரலில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கிரிலின் கீழ்க் கதவு மேற்கைப் பார்க்க நிறுத்தினால் காற்று நேராக உள்ளே புகுந்து நெருப்பை ஏற்றிவிடும், கங்கும் பறக்கும். மேசையை வேறு பக்கம் திருப்பிப் போடுங்கள், பக்கத்தில் ஓலைக் கொட்டகை வேண்டாம். மழையில் நனைந்த செராமிக்கை உடனே பெரிய தீயில் காய்ச்சினால் விரிசல் விடும் என்பதால் உறை ஒன்று அவசியம். மேல்பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே 5 மில்லிமீட்டர் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடியும், மரம் ஊதவும் இடம் கிடைக்கும்.

பாலிஷுக்குப் பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், வெயிலில் உரிந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். ஆனால் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்து வெளியில் காயவிட வேண்டும். ஆசாரியிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புனலூர்ப் பக்கத்தில் ரப்பர் மர மேசை பாதி விலைக்குக் கிடைக்கிறது. பெரிய வித்தியாசம் இருக்குமா? – புளியரை வாசகர்

பதில்: வீட்டுக்குள் போடுவதற்கு ரப்பர் மரம் நல்ல மரம்தான், வாங்கலாம். வெளியில் வேண்டாம். ரப்பர் மரத்தைப் பூச்சியிலிருந்து காப்பது அதில் ஏற்றும் போரான் மருந்து. மழை பட்டால் அது கரைந்து வெளியேறிவிடும், அப்புறம் பூஞ்சையும் பூச்சியும்தான்.

கேள்வி: மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் மரம் வாங்கி நானே வண்டியில் கொண்டுவரலாமா? – தென்காசி வாசகர்

பதில்: பில் இருந்தால் போதும் என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். தேக்கு போன்ற மரங்களை மாநிலம் தாண்டிக் கொண்டுவர வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். ஆரியங்காவுச் சோதனைச் சாவடியிலும் கேட்பார்கள், நம் பக்கத்துப் புளியரையிலும் கேட்பார்கள். மில்காரர் அந்தச் சீட்டை எடுத்துத் தருவாரா, அந்தச் செலவு யாருடையது என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். "நம்ம ஆள் இருக்கார், ராத்திரி போயிடலாம்" என்பவரிடம் வாங்கவே வேண்டாம். பிடிபட்டால் மரமும் போகும், வண்டியும் மாட்டும், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும்.

கேரள வனத்துறையின் மர டெப்போவில் தேக்கு சில்லறையாகத் தருகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அது வீடு கட்டுபவர்களுக்கு, கட்டட அனுமதியைக் காட்டி வாங்குவதற்கானது. ஒரு மேசைக்கு அந்த வழி ஒத்துவராது. ஆறு கன அடிக்காக மலையேறி இறங்கும் வண்டி வாடகையையும் கூட்டிப் பாருங்கள். தென்காசியிலேயே அறுத்த மரமாக வாங்குவது பல சமயம் மலிவாகவே முடியும்.

கேள்வி: நானும் கணவரும் மேக்கரையில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினருக்காகக் கிரில் மேசை ஒன்றை மலைக்கு அந்தப் பக்கத்துக் கடையில் சொல்லிச் செய்தோம். நாலே மாதத்தில் மேல்பலகை நடுவில் பிளந்துவிட்டது. "வெயிலில் போட்டது உங்கள் தப்பு" என்கிறார்கள். வேறு மாநிலம் என்பதால் விட்டுவிட வேண்டியதுதானா? – மேக்கரை வாசகி

பதில்: விட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை கொல்லத்தில் இருந்தாலும் நீங்கள் மலையேறிப் போக வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

எதிர்த்தரப்பு ஒன்றைக் கிளப்பக்கூடும்: "இது வியாபாரத்துக்கு வாங்கியது, இவர்கள் நுகர்வோரே இல்லை." வியாபார நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை என்பது மெய்தான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. நீங்களும் கணவரும் நீங்களே சமைத்து, பரிமாறி, நடத்துகிறீர்கள் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர் ஒரே விஷயத்தில் இருக்கிறது. வெளியில் போடத்தான் மேசை என்று கடைக்காரருக்குத் தெரியுமா? அளவு அனுப்பிய வாட்ஸப் செய்தியில் "கிரில்", "முற்றம்", "வெளியே" என்று ஒரு சொல் இருந்தாலும் போதும், "வெயிலில் போட்டது தப்பு" என்ற பேச்சு நிற்காது. வெளியில் போடும் மேசைக்குப் பலகைகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி, இரண்டு ஓரத்திலும் அசைய விடாமல் முடுக்கியிருந்தால் அது வேலையில் உள்ள குறை. மரம் காய்ந்து சுருங்கும்போது நடுவில் பிளப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். மேசையைக் கவிழ்த்து, ஸ்க்ரூ போட்ட இடங்களையும் பிளவையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். உள்ளூர் ஆசாரி ஒருவரிடம் பார்க்கச் சொல்லி, அவர் சொல்வதைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.

அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பல கடைகள் அந்த அளவிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதுவரை பிளந்த பலகையை நீங்களாகப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், கிரிலையும் அந்த மேசையில் பற்றவைக்க வேண்டாம்.