அக்காவும் தம்பியும் ஒரு கோட்டையும்

கேள்வி: எட்டு வயது மகன் தினமும் அக்காவோட செஸ் விளையாடித் தோத்து அழுறான். அவ மாவட்டப் போட்டிகளுக்குப் போறவ. இடைக்கிடை விட்டுக்குடுக்கச் சொல்லலாமா? – ஒரு தாய், உப்புவெளி

பதில்: விட்டுக்குடுக்கிறதா? கடைசித் தோசையை விட்டுக்குடுக்கச் சொல்லுங்க, பஸ்ல யன்னல் சீட்டை, ரிமோட்டை, எல்லாத்தையும் விட்டுக்குடுக்கட்டும். ஆட்டத்தை மட்டும் வேண்டாம் தங்கச்சி. ராணியைச் சும்மா வெட்டக் குடுத்துட்டு "ஐயோ காணேல்லையே" எண்டு அக்கா நடிச்சா அவன் கெதியா கண்டுபிடிச்சிடுவான், பிறகு உண்மையா வெண்டாலும் நம்பமாட்டான்.

அதுக்குப் பதிலா அக்கா தன்ர ராணிப்பக்கக் கோட்டையை, அதான் ராணிக்குப் பக்கத்து மூலையில நிக்கிற காயை, எடுத்து வெளியால வச்சிட்டுத் தொடங்கட்டும். 1850கள்ல போல் மோர்ஃபி எண்ட அமெரிக்கர் இப்பிடித்தான் பலம் குறைஞ்சவையோட குதிரை, கோட்டை இல்லாம ஆடினவர். இதுல பொய் இல்லை, அக்கா முழு மூச்சா வெல்லத்தான் பாப்பா. தம்பிக்கு ஒண்டே ஒண்டு சொல்லிக் குடுங்க, ஒரு கோட்டை கூட இருக்கேக்க சமனுக்குச் சமன் வெட்டிக்கொண்டே போ, கடைசியில அந்தக் கோட்டைதான் மிஞ்சும். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல உலகச் சம்பியன் போட்டியில நடந்ததும் இதுதானே, அப்ப சம்பியனா இருந்த சீனாவின்ர டிங் லிரன் 14ஆவது ஆட்டத்தில கோட்டையைத் தப்பான கட்டத்தில வைக்க, ஒரு சிப்பாய் கூட வச்சிருந்த இந்தியாவின்ர குகேஷ் கோட்டையையும் பிஷப்பையும் வெட்டி மாத்திட்டு 18 வயதில உலகச் சம்பியன் ஆனவர்.

பலமான ஆளோட மோதவே விடாம ரேட்டிங்கை, அதான் ஆட்டக்காரரின்ர பலத்தைக் காட்டுற புள்ளியை, பொத்திப் பொத்தி வைக்கிற கோச்மாரிலயும் எனக்குக் கோவம். ரேட்டிங்கில 400 புள்ளி வித்தியாசம் எண்டாலும் ஈலோ எண்ட ரேட்டிங் கணக்குப்படி கீழ இருக்கிறவருக்கு 100 ஆட்டத்தில 9 புள்ளியளவு வரும், வெற்றிக்கு ஒண்டு, டிராவுக்கு அரை எண்டு சேத்துத்தான். அந்த 9ஐ ஏன் பிள்ளையிட்ட இருந்து பறிக்கிறீங்க?

இன்னொண்டு, அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை வருது எண்டு பலகையைத் தூக்கி அலுமாரிக்கு மேல வச்சிடாதீங்க. இதை முந்தி எழுதினதுக்கு டியூட்டரி நடத்துற ஒருத்தர் திருகோணமலை பிரட்ரிக் கோட்டை வாசல்ல, அங்க திரியிற மான் எல்லாம் பாக்கப் பாக்க என்னோட சண்டைக்கு வந்தவர். வரட்டும், திரும்பவும் எழுதுறன். சோதனை முடியிறவரைக்கும் நாளுக்கு ஒரு ஆட்டம், யோசிக்க அக்காவுக்கு மொத்தம் 5 நிமிசம், தம்பிக்கு 15. கோட்டை இல்லாத அக்காவை அவன் அடிக்கடி வெல்லத் தொடங்கினா கோட்டையைத் திருப்பிக் குடுத்துட்டுக் குதிரையை எடுங்க.