கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள்: கேட்டவர்களுக்குப் பதில்

ராமநாதபுரம் கடலோரத்தில் திருவிழா வந்தால் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் பார்க்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிப் பார்க்கிறவர்கள் நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி.எஸ். அம்மாளைப் பற்றி என்னிடம் கேட்டவை இவை.

தேவிபட்டினத்திலிருந்து: ஐயா, மைக் இல்லாத காலத்தில் அவர் பாட்டு எப்படிக் கடைசி வரிசைக்குக் கேட்டது?

தொண்டையை நம்பித்தானம்மா மேடை ஏறினார்கள். 1908இல் பிறந்தவர், பத்து வயதுக்கு முன்பே நாடகத்துக்கு வந்துவிட்டார். உச்சத்தில் நிற்கும்போதும் சொல் சிதையக்கூடாது என்பது அந்த மேடையின் பாடம். ‘திருவிளையாடல்’ படத்தில் ‘பழம் நீயப்பா’ கேளுங்கள். 1965, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, எதிரில் மைக்கும் இருக்கிறது. அப்போதும் வல்லினத்தை எப்படி அழுத்துகிறார் பாருங்கள்!

மண்டபத்திலிருந்து: நாடகக்காரர்கள் கொழும்புக்கு எப்படிப் போவார்கள்?

தூத்துக்குடியிலிருந்து கப்பல் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் வந்ததும் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். அந்தக் கொழும்பு மேடையில்தான் தம்பி, 1926இல் அம்மாளும், பாடி நடிப்பதில் பேர்பெற்ற எஸ்.ஜி.கிட்டப்பாவும் சேர்ந்து நடித்தார்கள். மறு வருஷம் கல்யாணம்.

தொண்டியிலிருந்து: கிட்டப்பா போன பிறகு அவர் வாழ்க்கையே முடிந்துபோனது என்கிறார்களே?

இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவே ஒப்பாது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, அம்மாளுக்கு 25. வெள்ளைக் கதர் உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். ஸ்த்ரீபார்ட், அதாவது நாடகத்தில் பெண் வேடம், போடுகிறவர் அப்படிச் சொன்னால் பிழைப்பே போய்விடும். ஆனால் அவருக்கு நடந்தது என்ன? 1935இல் சினிமாவில் நந்தனாராக ஆண் வேடமே கட்டினார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினியின் ஔவையார், 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். துறவியும் கிழவியும் பக்தனுமாக வந்து, பாட்டால் படத்தைத் தாங்கினார். மற்ற நடிகைகளுக்கு வேடம் குறைகிற வயதில் இவருக்குப் பெரிய வேடங்கள் தேடி வந்தன. துக்கத்தை மட்டும் பேசிவிட்டு இந்த உழைப்பை விட்டுவிடுவது நியாயமில்லை.

கீழக்கரையிலிருந்து: அரசியலிலும் இருந்தாராமே?

ஆமாம். காங்கிரஸ் மேடைகளில் பாடிப் பிரச்சாரம் செய்தார். 1951இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார்.

ஏர்வாடியிலிருந்து: விருதுகள்?

‘துணைவன்’ பாட்டுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் காலமானார்.

பெரியபட்டினத்திலிருந்து: தாத்தா, நான் ஸ்த்ரீபார்ட் பழகுகிறேன். அவர் பாட்டில் எதை முதலில் கேட்கட்டும்?

‘ஔவையார்’ பாட்டுகளில் தொடங்கு, கண்ணு. பிறகு பழைய கிராமபோன் பதிவுகளுக்குப் போ. வரிகளை முதலில் ராகமில்லாமல் வாய்விட்டுப் படி, சொல் திருந்தட்டும். அவர் சுருதியை எட்ட வேண்டும் என்று தொண்டையைக் கிழித்துக்கொள்ளாதே. ஆர்மோனியக்காரரிடம் கேட்டு உன் குரலுக்கு ஏற்ற கட்டையில், அதாவது சுருதி அளவில், வைத்துக்கொள்.